சேலத்திலிருந்து வேளாங்கண்ணிக்குக் கடலோரமாகப் போகிறவர்கள் எங்கே, எப்போது, என்ன சாப்பிடலாம்?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஹோட்டல் பட்டியல். அம்மாபேட்டையிலிருந்து காரில் கிளம்பி, பாண்டிச்சேரியில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என்று கடலை ஒட்டியே போய் வேளாங்கண்ணியில் முடிக்கிறீர்கள். வழியில் எந்தக் கடையில் நிறுத்தலாம் என்பது கேள்வி. ஆனால் கூடவே எழுதியிருந்ததைப் படித்தால் மனதில் இருப்பது வேறு என்று தெரிகிறது. உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு வேளையாவது நிஜமான கடல் மீன் சாப்பிட வேண்டும், மாமியார் முட்டை கூடத் தொடமாட்டார், இரண்டு பிள்ளைகளுக்கும் வயிறு கெடக்கூடாது. போன தடவை கடற்கரையில் வறுவல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிவந்து அரித்தது, அது மறுபடி நடந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் சேலத்தில் கடல் மீன் வியாபாரம் செய்கிறவன். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி இங்கே கொண்டுவருவது பல வருஷமாக என் வேலை. அதனால் அந்தச் சாலையில் சாப்பிட்ட சாப்பாடு நிறைய. மீனைப் பற்றியும் அந்த ஊர்களின் சமையலைப் பற்றியும் என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். கடைப் பெயர் மட்டும் சொல்லமாட்டேன். கடலோர மெஸ்களில் ருசி என்பது பெரும்பாலும் ஒரே ஒரு அம்மாவின் கையில் இருக்கிறது, அவர் வேலைக்கு வராமல் நின்றுவிட்டால் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், குழம்பு மாறிப்போயிருக்கும். போன வருஷம் நான் ரசித்துச் சாப்பிட்ட கடையை நம்பி நீங்கள் பிள்ளைகளோடு போய் ஏமாறக்கூடாது. எந்த ஊரில், எத்தனை மணிக்கு, என்ன மீன் கேட்க வேண்டும் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதைச் சொல்கிறேன்.

முதலில் சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலை என்றதும் சன்னல் பக்கம் முழுக்கக் கடல் தெரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்துவிடாதீர்கள். பாண்டிச்சேரிக்குத் தெற்கே பெரும்பாலும் வயல், தென்னந்தோப்பு, ஆறு, உப்பங்கழி, இறால் பண்ணைதான். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது பார்க்க ரொம்ப அழகாக இருக்கும், ஆனால் அது ஆறு, கடல் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு இடத்திலும் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி உள்ளே போக வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். புதிதாகப் போட்டிருக்கும் அகலமான சாலை ஊர்களை ஒதுக்கிவிட்டு வெளியே போகிறது. அதன் ஓரத்தில் இருப்பவை காபிக்கும் கழிப்பறைக்கும் நல்லவை, சாப்பாட்டுக்கு இல்லை. பத்து நிமிஷம் வீணானாலும் பரவாயில்லை என்று ஊருக்குள் திரும்புங்கள்.

சேலத்திலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக சுமார் 220 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் டிபன் நேரத்துக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருப்பீர்கள், அங்கே சைவ ஹோட்டல்களுக்குக் குறைவில்லை. ஒரே ஒரு மாற்று வழி உண்டு, மாமியாருக்காகச் சொல்கிறேன். சின்னசேலத்தில் பிரிந்து விருத்தாசலம், நெய்வேலி வழியாகப் போனால் வடலூர் வரும். அங்கே வள்ளலார் 1867 மே 23-ஆம் தேதி ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. தருமச்சாலைக்கு யார் போனாலும் ஜாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். எளிய சைவச் சாப்பாடுதான். அந்த வழியில் போகிறவர்கள் அங்கே ஒரு வேளை பந்தியில் உட்கார்ந்து எழவேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம், காசு மிச்சம் என்பதற்காக இல்லை. வடலூரிலிருந்து கடலூர் வந்துதான் பாண்டிச்சேரிக்கு வடக்கே ஏற வேண்டும், கொஞ்சம் சுற்றுதான். தைப்பூசத்தை ஒட்டி மட்டும் ஜோதி தரிசனக் கூட்டத்தில் கார் நகராது.

பாண்டிச்சேரி சாப்பாட்டைப் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேக்கரியில் நீள ரொட்டி வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், வெண்ணெயும் ஜாமும் இருந்தால் வழியில் நொறுக்குத்தீனிக்கு ஆயிற்று. அங்கே கேக், பன் வகைகளில் முட்டை இருக்கும், மாமியாருக்கு வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி அங்கே மீன் சாப்பிட வேண்டாம், மறுநாள் மதியத்துக்கு வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் மதியம் என்று கேட்பீர்கள்.

கரையில் இரண்டு வகை மீன் இறங்குகிறது. பெரிய விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலில் தங்கி, பிடித்ததையெல்லாம் ஐஸில் போட்டுக்கொண்டு வரும். ஃபைபர் படகு, வள்ளம் எனப்படும் சின்னப் படகுகள் நடுராத்திரி தாண்டிக் கிளம்பிக் காலை ஏழு, எட்டு, ஒன்பது மணிக்குத் திரும்பிவிடும். அன்று பிடித்த மீன் அன்றே வேண்டுமென்றால் அது இந்தச் சின்னப் படகு மீன்தான். மெஸ்காரர்கள் காலை ஏலத்தில் எடுத்து, பத்து மணிக்குக் கழுவி, பன்னிரண்டரைக்கு இலையில் வைக்கிறார்கள். இரண்டு மணிக்குமேல் போனால் குழம்பில் துண்டு இருக்காது. ராத்திரி வறுத்துத் தருவது பெரும்பாலும் மதியம் மிஞ்சியது, இல்லாவிட்டால் பெட்டி மீன். ஆகவே மீன் மதியம், பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில். இதை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது எந்த மாதம் போகிறீர்கள் என்பது. சேலத்தில் எல்லாரும் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மே மாதம் கடல் பார்க்கக் கிளம்புகிறார்கள், அங்கேதான் சிக்கல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மட்டும் போகும். ஆனால் அந்த மாதத்திலும் கடற்கரைக் கடைகளில் மசாலா தடவிய வஞ்சிரம் அடுக்கடுக்காக இருப்பதைப் பார்ப்பீர்கள். அதெல்லாம் மேற்குக் கடற்கரையிலிருந்தோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ வந்தது. மேற்கே தடை ஜூன் 1-க்குத்தான் ஆரம்பிக்கிறது, ஜூலை 31 வரை இருக்கும். அந்த மீன் கெட்டது என்று சொல்லவில்லை, ஒழுங்காக ஐஸ் போட்டு வந்தால் நல்ல மீன்தான். ஆனால் அதையே சேலத்தில் என் கடையில் வாங்கிச் சாப்பிடலாம், அதற்காக 300 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. தடைக்காலத்தில் போனால் நெத்திலி, மத்தி, கிழங்கா, சின்னச் சங்கரா, உப்பங்கழி நண்டு என்று நாட்டுப்படகிலும் கழியிலும் கிடைப்பதைக் கேளுங்கள். கோடையில் கடலூர், நாகைப் பக்கம் கோலா மீன் வரும், தண்ணீருக்குமேல் பறக்கும் மீன் அது. கிடைத்தால் விடாதீர்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் ஒரு படகும் போகாது, மூன்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் கரையில் மீனே இருக்காது. டிசம்பர் 26 சுனாமி நினைவு நாள். நாகைப் பக்கத்து மீனவ கிராமங்களில் அன்று கடலுக்குப் போவதில்லை, அன்றைக்கு அங்கே போய் மீன் கேட்காமல் இருப்பது மரியாதை. என்னைக் கேட்டால் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை போகலாம், அல்லது புரட்டாசியில் போகலாம். புரட்டாசியில் பாதி ஜனம் கவுச்சியை விட்டுவிடும், நல்ல மீன் சல்லிசாகக் கிடைக்கும். அதற்குச் சற்று முன்னால், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்த நாட்களில் ரூமும் கிடைக்காது, நிம்மதியாகச் சாப்பிடவும் முடியாது.

கடையில் உட்கார்ந்ததும் வஞ்சிரம் இருக்கா என்று ஆரம்பிக்காதீர்கள். சேலத்துக்காரர்கள் எல்லாரும் செய்வது இதுதான். நமக்குத் தெரிந்த பெயர் வஞ்சிரம், வவ்வால், இறால் மூன்றும்தான் என்பது அவர்களுக்கும் தெரியும், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில், இன்னைக்குப் படகில் என்ன வந்துச்சு என்று கேளுங்கள். கேட்டதும் பரிமாறுகிறவர் முகமே மாறும். கிழங்கா, காலா, பாறை, சீலா, கொடுவா என்று ஏதாவது ஒன்று சொல்வார், அதை வாங்குங்கள். கிழங்காவில் சதை மெத்தென்று பூவாக உதிரும், முள்ளும் குறைவு, மேட்டூர் கட்லாவும் ஜிலேபியும் தின்று பழகிய பிள்ளைகளுக்கு அதுதான் சரி. வறுக்கும் முன் மீனைக் காட்டச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். இறாலுக்குத் தலை கறுத்துத் தொங்கினால் வேண்டாம். கணவாயின் தோல் முழுக்க இளஞ்சிவப்பாக ஊறியிருந்தால் பழசு. காலையிலேயே கட்டியாகச் சிவப்பு மசாலா பூசி வைத்துவிட்டால் இதில் ஒன்றுமே தெரியாது, அதனால் பூசாத மீனை எடுத்து உப்பும் மிளகாயும் மஞ்சளும் மட்டும் போட்டு வறுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்த விஷயம். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன், நான் டாக்டர் இல்லை. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி மாதிரி சிவந்த சதையுள்ள மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டு வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் சேரும். வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். நிறையப் பேர் தனக்கு மீனே ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்டி வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கிவிடுகிறார்கள், அது ரொம்பப் பாவம். ஆனால் அவருக்கு வந்தது இதுவா, நிஜமான ஒவ்வாமையா என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாலும் இந்தப் பயணத்தில் வீட்டுக்காரருக்கு வெள்ளைச் சதை மீன் மட்டும் வாங்கிக் கொடுங்கள், அதுவும் ஐஸில் இருந்து எடுப்பதைக் கண்ணால் பார்த்து.

சரி, வழி. பாண்டிச்சேரியிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் நேரம், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்று பார்க்கலாம், ஆனால் அங்கே சாப்பிட நிற்காமல் நேராகச் சிதம்பரம் போய்விடுங்கள். டிபன் அங்கேதான். இட்லிக்குக் கொத்சு கேளுங்கள். கத்திரிக்காயைப் புளியில் வேகவைத்து மசித்து, மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்த பொடி போட்டுச் செய்வது, சாம்பார் மாதிரி தண்ணியாக இருக்காது. மிளகும் சீரகமும் நெய்யும் போட்ட சம்பா சாதமும் இந்தக் கொத்சும் நடராஜர் கோயில் நைவேத்தியம். கோயிலில் பிரசாதமாகக் கிடைத்தால் மாமியாருக்கு அந்த ஒரு வாய்க்காகவே இந்தப் பயணம் போதும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே கோயிலையும் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அங்கிருந்து பிச்சாவரம் பக்கம்தான். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போய்வந்தால் மதியச் சாப்பாட்டு நேரம் சரியாக இருக்கும். கிள்ளை, பிச்சாவரம் வட்டாரத்தில் நண்டும் இறாலும் கழியிலிருந்தே வருகிறது. உங்கள் மீன் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. சில இடங்களில் படகு ஏறும் முன்னாலேயே சொல்லிவைத்தால் திரும்பி வருவதற்குள் சமைத்து வைப்பார்கள். குழம்பில் தேங்காய் அதிகம் இருக்காது, புளியும் மாங்காயும் தூக்கலாக இருக்கும், தாளிப்பு வடகத்தின் வாசனை வரும். நம்ம ஊர்க் குழம்பிலிருந்து வேறு மாதிரி, முதல் வாய்க்கே பிடித்துவிடும். நண்டைப் பற்றி ஒன்று. அமாவாசையில் சதை கட்டியிருக்கும், பௌர்ணமியில் கூடாக இருக்கும் என்று கரையில் எல்லாரும் சொல்வார்கள். நான் அதை வைத்து வாங்குவதில்லை, சில பௌர்ணமிகளில் அருமையான நண்டு எடுத்திருக்கிறேன். கையில் தூக்கிப் பார்த்து, அளவுக்கு மீறிய கனம் இருந்தால் எடுங்கள், வயிற்றுப் பக்கம் அழுத்தினால் உள்ளே போனால் வேண்டாம். இறால் விஷயத்தில், சீர்காழி, நாகைப் பக்கமெல்லாம் வன்னாமை என்ற இறாலை வளர்க்கும் பண்ணைகள் நிறைய, வருஷம் முழுக்கக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். புதுசாகத்தான் இருக்கும், ருசியில் கடல் இறாலுக்குக் கீழேதான்.

சீர்காழியைத் தாண்டித் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் தினமும் நடக்கும் ஊர் என்பதால் நல்ல சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. பிச்சாவரத்தில் மாமியாருக்கு ஏற்ற சாப்பாடு அமையாவிட்டால், சிதம்பரத்திலேயே தயிர்சாதம் கட்டி வாங்கிக்கொண்டு, திருக்கடையூரில் சாயங்கால டிபனாக அவரை நன்றாகச் சாப்பிடவைக்கலாம். மீன் மெஸ்ஸில் சைவச் சாப்பாடும் உண்டு என்று சொன்னால் நம்பி உட்காரவைக்காதீர்கள். சாம்பார் தனியாக இருக்கும், ஆனால் அப்பளம் பொரிக்கிற எண்ணெயும் கரண்டியும் ஒன்றாகத்தான் இருக்கும். பிறகு தெரிந்தால் அவருக்கு மனசு கஷ்டப்படும். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு முன்னாலேயே கடல். சாலையை விட்டு இறங்கிப் பார்க்க இந்த வழியில் இதைவிட நல்ல இடம் கிடையாது. சாப்பாட்டுக்காக அங்கே நிற்க வேண்டியதில்லை, பாண்டிச்சேரி ரொட்டி மிச்சமிருந்தால் அங்கே உட்கார்ந்து தின்னலாம்.

காரைக்காலைச் சனிக்கிழமை தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திருநள்ளாறு கூட்டம் சாலையை அடைத்துவிடும். அப்புறம் நாகூர். நாம் சாயங்காலமானால் தட்டுவடை செட்டைத் தேடுகிற மாதிரி அங்கே வாடா. அரிசி மாவில் தேங்காயும் வெங்காயமும் சேர்த்துத் தட்டி, மேலே இறால் பதித்து எண்ணெயில் பொரிப்பார்கள். சூடாக, அப்போதே வாணலியிலிருந்து எடுத்ததை வாங்குங்கள், ஆறினது வேண்டாம். தர்கா தெருக்களில் தம்ரூட் கிடைக்கும், ரவையும் பாலும் நெய்யும் முட்டையும் சேர்த்துச் செய்யும் இனிப்பு. பிள்ளைகள் கேட்டுக் கேட்டுத் தின்பார்கள். முட்டை இருப்பதால் மாமியாருக்குக் கொடுத்துவிடாதீர்கள், பார்த்தால் நம்ம கேசரி வகை மாதிரிதான் தெரியும்.

வேளாங்கண்ணியில் கோயிலிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழி நெடுக மீன் வறுவல் கடைகள். எல்லாக் கடையும் மோசம் என்று சொல்வது அங்கே பிழைக்கிறவர்களுக்கு அநியாயம், கூட்டம் உள்ள நாளில் மீன் தேங்காமல் ஓடிவிடும். ஆனால் மசாலா தடவித் திறந்த தட்டில் காலையிலிருந்து வெயிலில் இருக்கும் மீனும், கறுத்த எண்ணெயும் பிள்ளைகளுக்கு வேண்டாம். நீங்கள் ராத்திரி போய்ச் சேருவீர்கள், அன்றைக்கு மதியமே வயிறாரச் சாப்பிட்டிருப்பீர்கள், அதனால் எல்லாரும் சேர்ந்து இட்லி, தோசை சாப்பிட்டுப் படுத்துவிடலாம். பிள்ளைகளுக்கு வயிறு கெடுவதற்கு மீனைவிடத் தண்ணீர்தான் அடிக்கடி காரணம். மூடி பிரிக்காத பாட்டில் தண்ணீர் மட்டும் கொடுங்கள், ஜூஸ் கடை ஐஸ் வேண்டாம். கரையில் மீனுக்குப் போடும் ஐஸ் என்ன தண்ணீரில் ஆனது என்று தினமும் பார்க்கிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

திரும்பும்போது மீன் வாங்கிவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டையில் காலையில் வாங்கி, அங்கேயே குடலும் செவுளும் எடுக்கச் சொல்லுங்கள். தெர்மாகோல் பெட்டியில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ் என்று கணக்கு. அடியில் ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்க வேண்டும், மேலே மட்டும் கொட்டினால் அடியில் இருப்பது திருச்சி வருவதற்குள் குழைந்துவிடும். பெட்டியின் அடி ஓரத்தில் சின்ன ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். மீன் தண்ணீரில் ஊறக்கூடாது. தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல் வழியாக வீடு வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும், திருச்சியில் ஒருமுறை திறந்து பார்த்து ஐஸ் குறைந்திருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவாடு வாங்கினால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் மாமியார் பின் சீட்டில் உட்காரமாட்டார்.